கொடை பார்க்கப் போவது எப்படி: நெல்லைச் சீமைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலை மாற்றலாகித் திருநெல்வேலிக்கு வந்தவர்களும், படிக்க வந்த பிள்ளைகளும், இந்தப் பக்கம் பெண் எடுத்தவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்: "இங்கே வில்லுப்பாட்டு, கூத்து எல்லாம் எங்கே பார்க்கலாம்?" ஏதாவது ஒரு மண்டபத்தின் பெயரைச் சொல்வேன், டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்காரலாம் என்ற எண்ணத்தில் கேட்பார்கள். அப்படி ஒரு மண்டபம் கிடையாது. ஊர்க்கோயில் வாசல்தான் மண்டபம். சித்திரை பிறந்துவிட்டால் வில்லுப்பாட்டுக் குழுக்கள், கணியான் கூத்துக்காரர்கள், கரகாட்ட செட்டுகள், நையாண்டி மேளக்காரர்கள் எல்லாரும் வேன் பிடித்து ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களைக் கூப்பிடுவது கொடை.

வருஷத்துக்கு ஒருமுறை ஊர்த் தெய்வத்துக்குக் கொடுக்கிற விழாவுக்குத்தான் கொடை என்று பெயர். பொங்கல், படைப்பு, பூ, பால்குடம் எல்லாம் சாமிக்குக் கொடுப்பதுபோல, பாட்டும் ஆட்டமும் சாமிக்குக் கொடுப்பதுதான். வில்லு மேடை சன்னதியைப் பார்த்துத்தான் இருக்கும். கணியானும் சன்னதியைப் பார்த்து நின்றுதான் பாடுவார். சாமி கேட்கிற பாட்டை, பக்கத்தில் உட்கார்ந்து நாமும் கேட்கிறோம். இது மனதில் பதிந்துவிட்டால், நான் கீழே சொல்வதில் பாதி உங்களுக்கே புரிந்துவிடும்.

காலமும் கிழமையும்

பங்குனி உத்திரத்தன்று குடும்பம் குடும்பமாகத் தங்கள் சாஸ்தா கோயிலைத் தேடிப் போவார்கள். அது தொடக்கம். அதன்பிறகு சித்திரை, வைகாசியில் ஒரு சுற்று கொடைகள் நடக்கும். ஆடி, ஆவணியில் அடுத்த சுற்று. புரட்டாசி நவராத்திரிக்குக் குலசேகரபட்டினம் தசரா. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் கலைஞர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வயலில் வேலை ஆரம்பித்துவிடும்.

கிழமையையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அம்மன் கோயில் கொடை செவ்வாய்க்கிழமை, சுடலைமாடன் கோயில் கொடை வெள்ளிக்கிழமை. கொடைக்கு ஒரு வாரம் முன்னால் அதே கிழமையில் பந்தலுக்குக் கால் நாட்டுவார்கள். அதனால் ஓர் ஊர்வழியாகப் போகும்போது கோயில் முன்னால் மாவிலை கட்டிய புதுக் கம்பு ஒன்று நட்டிருப்பதைப் பார்த்தால், இன்னும் எட்டு நாளில் அங்கே கொடை என்று வைத்துக்கொள்ளலாம். நான் சைக்கிளில் சுற்றிய வயதில் இப்படித்தான் கண்டுபிடிப்போம்.

இப்போது அவ்வளவு சிரமம் இல்லை. பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை, ஸ்ரீவைகுண்டம் என்று எந்தப் பேருந்து நிலையத்துச் சுவரைப் பார்த்தாலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். டீக்கடையில் கேளுங்கள். பூக்கடையிலும் கேட்கலாம், எந்த ஊருக்கு எத்தனை மாலை சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. எல்லாரையும்விட நல்ல ஆள் மைக்செட்காரர். சீரியல் லைட்டும் குழாயும் கட்டுகிறவருக்குத் தெரியாமல் சுற்றுவட்டாரத்தில் ஒரு கொடை நடக்காது. "அண்ணாச்சி, இந்த வாரம் எந்த ஊர்லலாம் வில்லு இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், நாலு ஊர் சொல்வார். நல்ல புலவர் எந்த ஊருக்கு வருகிறார் என்பதையும் சேர்த்தே சொல்வார்.

நோட்டீஸைப் படிக்கப் பழகுங்கள்

கொடை நோட்டீஸ் புதியவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். நிறைய சடங்குப் பெயர்கள், நிறைய நேரங்கள். உங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுக்கத் தெரிய வேண்டும்.

முதல் நாள் இரவில் "குடியழைப்பு" என்று போட்டிருக்கும். சாமியை விழாவுக்கு அழைக்கிற சடங்கு. அன்று இரவே பல ஊர்களில் வில்லு ஆரம்பித்துவிடும். மறுநாள்தான் கொடை நாள். காலையில் தீர்த்தம் எடுத்து வருவது, பால்குடம். தாமிரபரணிக் கரை ஊர்களில் ஆற்றிலிருந்தே மேளத்தோடு வருவார்கள். அந்த ஊர்வலத்தில் நையாண்டி மேளத்தை நல்ல வெளிச்சத்தில் பக்கத்திலிருந்து பார்க்கலாம். நண்பகலில் மதியக்கொடை. சாயங்காலம் மாக்காப்பு அலங்காரம், பொங்கல். நள்ளிரவில் சாமக்கொடை. அதற்கும் மறுநாள் காலையில் மஞ்சள் நீராட்டு. எட்டாம் நாள் பூஜையோடு முடியும்.

இதில் ஒரே ஒரு வேளைக்குத்தான் போக முடியும் என்றால் சாமக்கொடைக்குப் போங்கள். ஆனால் பன்னிரண்டு மணிக்குச் சரியாக வந்து இறங்காதீர்கள். இரவு எட்டு மணிக்கே போய்விடுங்கள். கதை ஓடிக்கொண்டிருக்கும். கதை எங்கே போகிறது என்று தெரியாமல் உச்சத்தை மட்டும் பார்த்தால் சத்தமும் புகையும்தான் மிஞ்சும். பத்து ஊரில் பத்துப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். போனில் நிறையப் படம் வைத்திருப்பார்கள். எது எந்தச் சாமி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு ஊர், ஒரு முழு இரவு. முதல் தடவைக்கு அது போதும்.

நோட்டீஸில் "ஆடல் பாடல்" அல்லது "இன்னிசைக் கச்சேரி" என்று மட்டும் இருந்தால் அது சினிமாப் பாட்டு நிகழ்ச்சி. அதை விரும்புகிறவர்கள் போகலாம். இந்தக் கட்டுரை அதற்கு வழி சொல்லவில்லை. "வில்லிசை", "கணியான் கூத்து" அல்லது "மகுடம்", "நையாண்டி மேளம்", "கரகாட்டம்" என்ற சொற்களைத் தேடுங்கள். கணியான் கூத்துக்கே மகுடாட்டம் என்றும் பெயர் உண்டு. இரண்டும் வேறு வேறு என்று எண்ண வேண்டாம்.

கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வில்லிலும் கூத்திலும் அந்தக் கோயில் சாமியின் கதையைத்தான் பாடுவார்கள். கூட்டத்தில் இருக்கிற ஆச்சிமாருக்கு அந்தக் கதை அடி அடியாகத் தெரியும். தெரிந்த கதையை இவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்கத்தான் வருகிறார்கள். கதை தெரியாமல் போனால் நீங்கள் மட்டும் வெளியே நிற்பீர்கள்.

மூன்று கதைகளாவது தெரிந்திருந்தால் இந்தச் சீமையின் பெரும்பாலான கொடைகளில் ஒட்டிக்கொள்ளலாம்.

முதலாவது, மயானத்துத் தெய்வமான சுடலைமாடன் கதை. பிள்ளை வேண்டும் என்று கேட்ட பார்வதியிடம், விளக்கின் சுடரை முந்தானையில் ஏந்திக்கொள் என்கிறார் சிவன். சுடரிலிருந்து வந்த பிள்ளை அது. பசி தாங்காமல் நடுராத்திரியில் மயானத்துக்குப் போய்ப் பிணத்தைத் தின்றுவிட்டு வந்து தொட்டிலில் படுத்துக்கொள்கிறது. பிணவாடை காட்டிக்கொடுக்கிறது. பிணம் தின்ற பிள்ளைக்குக் கைலாயத்தில் இடமில்லை என்று பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். சாமக்கொடையில் சாமி ஆடுகிறவர் பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். அது ஏன் என்று இந்தக் கதை தெரிந்தால்தான் விளங்கும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் சீவலப்பேரியில் இருப்பது பேர்பெற்ற சுடலைமாடன் கோயில்.

இரண்டாவது இசக்கி. நம்பி வந்த பெண்ணை நகைக்காகக் கொன்றுபோட்டவனை, அவள் மறுபிறவியில் விடாமல் துரத்தி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டுப் பழிவாங்குகிற கதை. நீலி கதை என்றும் சொல்வார்கள். இந்தக் கதையைப் பாடும்போது பெண்கள் பக்கம் பாருங்கள். பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவர்கள் சேலைத் தலைப்பால் மூடி இழுத்து அணைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது முத்துப்பட்டன். எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது இதுதான். பிராமணக் குலத்தில் பிறந்த பட்டன், செருப்புத் தைக்கிற குலத்தைச் சேர்ந்த வாலப் பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா இருவர்மேலும் ஆசைப்படுகிறான். அவர்களைக் கட்டிக்கொள்வதற்காகக் குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றிப்போட்டுவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். மாமனாரின் மாட்டுக் கிடையைத் திருடர்களிடமிருந்து காக்கப் போய்ச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்குப் பட்டவராயன் என்று பெயர். அங்கே நேர்ச்சையாகத் தோல்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பட்டவராயன் ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பதால் செருப்புத் தேயும் என்பது நம்பிக்கை. ஆடி அமாவாசைக்கு அங்கே பெருங்கூட்டம் கூடும். அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம் என்பதால் வனத்துறை சொல்கிற நேரத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டுத்தான் போய்வர முடியும். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

புறப்படுவதற்கு முன்

ஊர்க்கொடை எல்லாருக்கும் பொது என்று தோன்றும். ஆனால் கோயில் யாரோ சில குடும்பங்களுக்கோ ஒரு தெருவுக்கோ உரிமையானதாக இருக்கும். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போட்டு நடத்துகிறார்கள். முதல் திருநீறு யாருக்கு, மாலை யாருக்கு என்று முறை இருக்கிறது. பழைய மனத்தாங்கல்களும் இருக்கும். அதனால் ஊரில் தெரிந்த ஓர் ஆளைப் பிடித்து அவரோடு போவது நல்லது. உங்கள் அலுவலகத்தில், கல்லூரியில், தெருவில் யாருக்காவது கொடை இல்லாமல் இருக்காது. "உங்க ஊர்க் கொடைக்கு நானும் வரட்டுமா?" என்று கேட்டால் மறுக்கிற நெல்லைக்காரரை நான் பார்த்ததில்லை. வீட்டில் சாப்பாடும் கிடைக்கும். ஆள் தெரியாமல் போக நேர்ந்தால், முதலில் விழாக்கமிட்டிக்காரர் ஒருவரைப் பார்த்து, இன்ன இடத்திலிருந்து வருகிறேன், வில்லு கேட்க வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். யாரிடமும் சாதி கேட்காதீர்கள். இது யார் கோயில் என்று சுற்றி வளைத்துக்கூடக் கேட்க வேண்டாம்.

பேருந்து விஷயம்: போகும்போது கிடைக்கும், நடுராத்திரியில் திரும்பக் கிடைக்காது. வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து கிராமங்களுக்குப் போகிற கடைசி வண்டி சீக்கிரமே போய்விடும். விடியற்காலை முதல் வண்டியில் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டே போங்கள். ஒரு போர்வை அல்லது பெரிய துண்டு, தண்ணீர், ஒரு டார்ச். மணலில் அல்லது தரையில்தான் உட்கார வேண்டும். ஆண்கள் வேட்டி கட்டிக்கொண்டால் உட்கார வசதி. சன்னதிக்கு முன்னால் பல கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிடுவார்கள், மற்றவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். பெண்கள் உட்காருகிற பக்கம் பெரும்பாலும் தனியாக இருக்கும். பசித்தால் கவலை வேண்டாம். பஜ்ஜி, சீனிச்சேவு, சுக்குக்காப்பிக் கடைகள் ராத்திரி முழுக்க இருக்கும். சாமக்கொடை முடிந்ததும் படைப்புச் சோறு கொடுப்பார்கள். கிடா வெட்டுகிற கோயிலாக இருந்தால் அது கறிச்சோறு. சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கையில் வாங்கிக் கீழே வைக்காதீர்கள்.

வில்லு கேட்பது

வில்லை முதலில் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பாடத் தொடங்குவதற்கு முன்னால், கட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டால் நல்லது. ஆள் உயரத்தைவிட நீளமான வில். நாண் முறுக்கேறி விறைப்பாக இருக்கும். வில் வளைவில் வரிசையாக மணிகள் தொங்கும். வில்லின் நடுப்பாகத்தை ஒரு மண்குடத்தின் கழுத்தில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். குடத்தை அடிக்கிறவர் ஒரு கையில் விசிறி போன்ற தட்டையான மட்டையை வைத்துக் குடத்தின் வாயில் அடிப்பார். இன்னொரு கையில் காசை வைத்து அதன் வயிற்றில் தட்டுவார். வாயில் அடிக்கும்போது "கும்" என்று வருகிற சத்தம் மைக் இல்லாமலேயே அடுத்த தெருவுக்குக் கேட்கும். காசுத் தட்டு அதற்கு நடுவில் புகுந்து புகுந்து வரும். ஒரு ஐந்து நிமிஷம் வேறு எதையும் பார்க்காமல் அந்த இரண்டு கைகளை மட்டும் பாருங்கள். மற்ற எல்லாரும் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள் என்பது தெரியும்.

நடுவில் உட்கார்ந்து இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்டிக்கொண்டே பாடுகிறவர்தான் புலவர். அண்ணாவி என்றும் சொல்வார்கள். உடுக்கை, ஜால்ரா, கட்டை அடிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள். வலத்தே பாடுவது, இடத்தே பாடுவது என்று பெயர். புலவர் ஒரு வரி விட்டால் இவர்கள் வாங்கிக்கொள்வார்கள். வசனமாகக் கதை சொல்லும்போது ஒருவர் "ஆமா" போட்டுக்கொண்டே இருப்பார். அந்த "ஆமா"வைச் சும்மா நினைக்காதீர்கள். ஆச்சரியமான "ஆமா", துக்கமான "ஆமா", "அதெப்படி?" என்று இழுக்கிற "ஆமா" எல்லாம் இருக்கிறது. நல்ல ஆமாக்காரர் இல்லாத செட்டில் புலவர் சீக்கிரம் களைத்துவிடுவார்.

காப்பு பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டுவளம் பாடி, அதன்பிறகுதான் கதைக்குள் வருவார்கள். புதியவர்கள் இந்த முன்பகுதியில் எழுந்துபோய்விடுகிறார்கள். பொறுத்திருங்கள். புலவர் தொண்டையைச் சூடாக்கிக்கொள்கிற நேரம் அது. இன்றைக்கு இவர் எப்படிப் பாடப்போகிறார் என்பதை நாட்டுவளத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தாமிரபரணித் தண்ணீரையும் நெல் வயலையும் பாடும்போது அந்த ஊர்க் குளத்தின் பெயரையும் மடையின் பெயரையும் உள்ளே கொண்டுவந்துவிட்டால், கூட்டம் அவருக்குச் சொந்தமாகிவிடும்.

வானொலியிலும் மேடையிலும் வில்லுப்பாட்டுக் கேட்டவர்கள் சுப்பு ஆறுமுகம் அவர்களை நினைத்துக்கொண்டு வருவார்கள். 1928-இல் சத்திரப் புதுக்குளத்தில் பிறந்த நம் ஊர்க்காரர். வில்லை உலகமெல்லாம் கேட்க வைத்தவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022-இல் மறைந்தார். மேடை வில்லில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கதை முடியும். நகைச்சுவை நிறைய இருக்கும். கோயில் வில்லு அப்படி இருக்காது. இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு ஓடும். சடங்கு நேரம் வந்தால் கதை நிற்கும், திரும்பவும் விட்ட இடத்தில் தொடங்கும். சாமி பிறக்கிற கட்டமும் தீபாராதனையும் ஒன்றாக வரும்படி புலவர் கதையை இழுப்பார், அல்லது ஓட்டுவார். அந்தக் கணக்கைத்தான் நான் அவர்களிடம் பெரிய வித்தையாக மதிக்கிறேன்.

பெண்கள் புலவராக இருந்து நடத்துகிற செட்டுகள் இப்போது நிறைய இருக்கின்றன. கன்னியாகுமரிப் பக்கத்துப் பூங்கனி அம்மாள் போன்றவர்கள் போட்டுக்கொடுத்த பாதை அது. அவர் 2018-இல் மறைந்தார். நோட்டீஸில் பெண் பெயர் இருந்தால் அந்தக் கொடைக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். இசக்கி முறையிடுகிற கட்டத்தைப் பெண் குரலில் கேட்பது வேறு மாதிரி இருக்கும்.

கணியான் கூத்து

கணியான் என்னும் சிறிய சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக ஆடிவருகிற கூத்து இது. ஆறேழு பேர்தான். பாடுகிற அண்ணாவி, பின்பாட்டுக்காரர், மகுடம் அடிக்கிற இருவர், பெண் வேஷம் கட்டி ஆடுகிற ஆண்கள், தாளக்காரர். மேடை கிடையாது, திரை கிடையாது. மண்தரையில் நின்றபடியே இரவு முழுக்க.

மகுடம் என்பது மரவளையத்தில் தோல் கட்டிய பறை. இரண்டு மகுடத்தில் ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இரவுப் பனியில் தோல் தளர்ந்துபோகும். அப்போது ஓரமாகப் போய்ச் சருகைக் கூட்டித் தீ மூட்டி, மகுடத்தை அதன்மேல் காட்டிக் காட்டிச் சூடேற்றுவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், திரும்பவும் காட்டுவார்கள். சரியான பதம் வந்ததும் சத்தம் கண்ணாடி உடைகிற மாதிரி மாறிவிடும். அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள். கூத்தைப் பற்றிக் கேட்க ஏற்ற நேரமும் அதுதான். ஆடி முடித்து வியர்வையோடு வருகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள்.

சலங்கை கட்டி ஆடுகிறவர்கள் அண்ணாவியைச் சுற்றி முன்னும் பின்னுமாகப் போய்வருவார்கள். மகுடக்காரர் ஆட்டக்காரரின் காலைப் பார்ப்பார், ஆட்டக்காரர் மகுடத்தைக் கேட்பார். வேகம் கூடக் கூட யார் யாரை இழுக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பெண் வேஷத்தைப் பார்த்துச் சில இளவட்டங்கள் விசிலடிப்பார்கள். நீங்கள் அதில் சேராதீர்கள். அந்த மனிதர் சாமிக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறார்.

சில கோயில்களில் சாமக்கொடையில் கைவெட்டு உண்டு. கணியான் தன் கையைக் கீறி இரத்தத்தைச் சாமிக்குக் கொடுக்கிற சடங்கு. இரத்தம் பார்த்தால் தாங்காது என்றால் அந்த நேரத்தில் சற்று விலகிப் போய் உட்காருங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளைகளை முன்வரிசையில் வைத்திருக்காதீர்கள். படம் எடுக்கவே எடுக்காதீர்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் வெளியூரிலிருந்து வந்த நண்பரை ஒரு கொடைக்குக் கூட்டிப்போனேன். சரியாக அந்தக் கட்டத்தில் அவர் போனை உயர்த்தினார், பிளாஷ் அடித்துவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பெரியவர் மெதுவாக வந்து அவர் கையைப் பிடித்துத் தாழ்த்தி, "தம்பி, அவன் கையில வர்றது நம்ம எல்லாருக்குமான ரத்தம்லா" என்றார். கொடைக்கு யாரைக் கூட்டிப்போனாலும் நான் முதலில் இதைச் சொல்லித்தான் கூட்டிப்போகிறேன்.

சாமி வரும்போது

சாமி ஆடுகிறவரை இங்கே கோமரத்தாடி என்பார்கள். சாதாரண நாளில் அவர் வயலிலோ கடையிலோ வேலை செய்கிறவர்தான். கொடைக்கு முன்னால் விரதம் இருப்பார். வில்லிலோ மகுடத்திலோ, சாமியை வரவழைக்கிற வரத்துப் பாடத் தொடங்கியதும் மேளம் சேர்ந்துகொள்ளும். குலவைச் சத்தம் கேட்கும். அவருக்கு உடம்பு நடுங்கும். சல்லடமும் குல்லாயும் அணிவித்து, கையில் வல்லயம் என்கிற ஈட்டியோ அரிவாளோ கொடுப்பார்கள்.

இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது: எழுந்து நில்லுங்கள், வழியை விடுங்கள். அவர் ஓடுகிற பாதையைக் கயிறு கட்டியோ ஆள் நிறுத்தியோ காப்பார்கள், அதற்குள் போகாதீர்கள். உங்களைப் பார்த்துத் திருநீறு கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் பேச வேண்டாம். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. சுடலை வேட்டைக்குக் கிளம்பும்போது பந்தத்தோடு சுடுகாட்டுப் பக்கம் போவார்கள். பின்னால் போகாதீர்கள். ஊர்க்காரர்களே பலர் போக மாட்டார்கள். அவர் திரும்பி வரும்வரை கோயில் வாசலில் ஓர் அமைதி இருக்கும். மேளம் நின்றிருக்கும், புலவர் வில்லில் கைவைத்தபடி உட்கார்ந்திருப்பார். இரவு முழுவதிலும் எனக்குப் பிடித்த நேரம் அது.

கரகமும் நையாண்டியும்

நாதஸ்வரம், தவில், பம்பை, தமுறு, தாளம் சேர்ந்தது நையாண்டி மேளம். அதோடு தலையில் கரகம் வைத்து ஆடுகிறவர்கள் வருவார்கள். முன்பு குறவன் குறத்தி ஆட்டமும் இருந்தது, 2023-இல் அரசு அதைத் தடை செய்துவிட்டது. பேச்சில் சில நேரம் பச்சையாக வரும், குடும்பத்தோடு போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போகலாம். கூட்டம் கத்தக் கத்தத்தான் ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் தள்ளப்படுகிறார்கள். தலையிலிருக்கிற குடத்தைக் கையால் தொடாமல் குனிந்து தரையில் கிடக்கிற ரூபாய் நோட்டை எடுக்கிற வித்தைக்குக் கைதட்டுங்கள். எதற்குக் கைதட்டுகிறோமோ அதைத்தான் அடுத்த ஊரிலும் ஆடுவார்கள்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிக்கு மேல் சட்டப்படி கட்டுப்பாடு இருக்கிறது. காவல்துறை அனுமதியைப் பொறுத்து மைக் நின்றுபோகலாம். அதற்காகக் கிளம்பிவிடாதீர்கள். மைக் நின்றபிறகு வில்லைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்து கேட்ட இரவுகள்தான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.

அன்பளிப்பு

பாட்டுப் பிடித்தால் கலைஞருக்குப் பணம் கொடுப்பது வழக்கம். புலவரிடமோ பக்கத்தில் இருப்பவரிடமோ உங்கள் பெயரையும் ஊரையும் எழுதிய சீட்டோடு கொடுத்தால், பாட்டின் நடுவிலேயே வாழ்த்திச் சொல்வார். பெயர் சொல்ல வேண்டாம் என்றால் "ஒரு ரசிகர்" என்று எழுதுங்கள். பெண் கலைஞர்களுக்குக் கொடுக்கும்போது தட்டில் வையுங்கள். உடையில் குத்த வேண்டாம்; யாராவது அப்படிக் குத்தினால் ரசிக்கவும் வேண்டாம். இவர்களுக்கு வருஷத்தில் சில மாதங்கள்தான் வருமானம். பேசிய தொகையில் வேன் வாடகை போக, குழுவில் எல்லாருக்கும் பிரித்தால் ஒருவருக்கு நிற்பது கொஞ்சம்தான். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்.

குலசை தசரா

கொடையிலிருந்து இது வேறுபட்டது. இங்கே வேஷம் கட்டுகிறவர்கள் ஊர்மக்களே. குலசேகரபட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளி, குரங்கு, குறத்தி, ராஜா என்று வேஷம் போட்டு, மேளத்தோடு தசரா குழுவாக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குவார்கள். அதைக் கொண்டுபோய் அம்மன் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிற சின்ன ஊர் அது. அந்த இரவில் லட்சக்கணக்கில் ஆட்கள் நிற்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் பத்தாம் நாள் போகாமல், அதற்கு முந்தின நாட்களில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துக் கிராமங்களில் குழுக்கள் ஆடுவதைப் பாருங்கள். காளி வேஷக்காரர் வாசலுக்கு வந்தால் காணிக்கை போட்டுக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை

சாமக்கொடை முடிந்து படைப்புச் சோறு சாப்பிட்டதும் தூக்கம் கண்ணைக் கட்டும். பந்தலிலேயே சாய்ந்துகொள்ளலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். விடிந்தபிறகு மஞ்சள் நீராட்டு ஆரம்பிக்கும். வெள்ளை உடுத்திப் போகாதீர்கள். புலவர் வாழி பாடி முடிப்பார். சாமிக்கு, ஊருக்கு, கோமரத்தாடிக்கு, மேளக்காரருக்கு, கேட்டிருந்தவர்களுக்கு எல்லாம் வாழி. அதையும் இருந்து கேளுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் பாடுகிறார்.

இன்னும் ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்பினால், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையில் விசாரியுங்கள். பல வருஷங்களாக இந்தக் கலைகளை ஆய்வு செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அப்புறம், வில்லை அவிழ்த்து மணிகளைத் துணியில் சுற்றி வேனில் ஏற்றுகிற நேரத்தில் கொஞ்சம் கைகொடுங்கள். குடத்தைத் தூக்கச் சொன்னால் கவனமாகத் தூக்குங்கள், கழுத்தைப் பிடிக்காமல் அடியில் கைகொடுத்து. "அடுத்து எந்த ஊருங்க?" என்று குடக்காரரிடம் கேளுங்கள். ஊரையும் கிழமையையும் சொல்லிவிட்டு, "வாங்க, அங்கன சுடலை கதைதான், முழுசா பாடுதோம்" என்பார். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.